இஸ்ராடிபின் தோற்றதால் பார்க்கின்சனில் கால்சியம் கோட்பாடு செத்துவிட்டதா?

வைகைக்கரை:
இஸ்ராடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தைப் பார்க்கின்சன் நோய்க்குச் சோதித்தது பற்றி நேற்று வேறொரு இழையில் மாத்திரைப்பெட்டி எழுதியது இது: "இஸ்ராடிபின் சோதனை தோற்றது. பார்க்கின்சனில் கால்சியம் கோட்பாடு அதோடு முடிந்தது. இனி அதைப் பேசுவது நேர விரயம்." படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

கோட்பாடு சொல்வது இது: பார்க்கின்சனில் பெருமளவில் சாவது நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இருக்கும் டோபமைன் நியூரான்கள். யாரும் தூண்டாமலேயே அவை நொடிக்குச் சில முறை தாமாகத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் கேவி 1.3 என்ற எல் வகை சேனல் புரதம் (செல்லின் கால்சியம் வாசல்) வழியாகக் கால்சியம் உள்ளே வரும். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு. வந்ததை வெளியேற்ற ஆற்றல் வேண்டும். அந்தச் சுமை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா மேல் விழுகிறது, ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. 2007-ல் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சர்மையர் குழு இஸ்ராடிபின் கொடுத்து அந்த சேனலை அடைத்தபோது, எலியின் நியூரான்கள் அவற்றைக் கொல்லக் கொடுத்த நச்சிலிருந்து தப்பின. இத்தனையும் ஒரே ஒரு சோதனையால் பொய்யாகிவிடுமா? அதுவும் நாளுக்கு 10 மில்லிகிராமில்?

மாத்திரைப்பெட்டி:
நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். ஸ்டெடி-பிடி 3 என்ற அந்த இஸ்ராடிபின் சோதனையில் 336 நோயாளிகள், 36 மாதங்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் 57 மையங்கள். 2020-ல் முடிவு அச்சில் வந்தது. நோய் மதிப்பெண்ணில் மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே வித்தியாசம் 0.27 புள்ளி. மருந்துக்கடையில் நிற்கிற என்னைப் போன்றவனுக்கு அந்த எண் போதும்.

வைகைக்கரை:
0.27 என்பது 10 மில்லிகிராமுக்கு வந்த விடை. கோட்பாட்டுக்கு வந்த விடை அல்ல.

புதுவாசகன்:
ஒரு சந்தேகம் ஐயா. கால்சியம் கோட்பாடு என்னும்போது எந்தப் புரதத்தைச் சொல்கிறீர்கள்? சேனலையா, கால்பிண்டின் போன்று கால்சியத்தைப் பிடித்து வைப்பவற்றையா, கால்சியம் வந்த சேதியைச் செல்லுக்குள் கடத்தும் கால்மோடுலினையா, எல்லாவற்றையுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

மாத்திரைப்பெட்டி:
வைகைக்கரை, 10 மில்லிகிராமை யார் தேர்ந்தெடுத்தது? நானா? அதற்கு முந்தைய கட்டச் சோதனையில் 5, 10, 20 என்று கொடுத்துப் பார்த்தார்கள். 20-ல் கால் வீக்கமும் தலைசுற்றலும் வந்து பலரால் தொடர முடியவில்லை. மனித உடம்பு தாங்கும் அளவு 10. தாங்க முடியாத அளவில்தான் வேலை செய்யும் என்றால் அது மருந்தே இல்லை.

வைகைக்கரை:
இங்கேதான் குழப்புகிறீர்கள். மருந்து தோற்றது என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். கோட்பாடு தோற்றது என்று சொல்லாதீர்கள். இஸ்ராடிபின் இரத்தக் குழாயில் இருக்கும் கேவி 1.2 சேனலையும் அடைக்கும், அதனால்தான் அது இரத்த அழுத்த மருந்து. 2017-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் குழு, டோபமைன் நியூரான் துடிக்கும் அதே பாங்கில் சேனல்களை இயக்கிச் சோதித்தது. அந்த நிலையில் இஸ்ராடிபின் சேனலைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. அதாவது மூளையில் சேனல் அடைபடும் முன்பே ரத்த அழுத்தம் இறங்கிவிடும். 10 மில்லிகிராம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போதுமான வேலை செய்ததா என்பதே தெரியாது. தெரியாததை வைத்துச் சாவு ஓலை எழுதுகிறீர்கள்.

எலிப்பொறி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2011-ல் அதே சிகாகோ குழுதான், மனிதர்களால் எட்டக்கூடிய இரத்த அளவிலேயே எலியின் நியூரான்கள் காப்பாற்றப்படுகின்றன என்று எழுதியது. சோதனைக்கு முன் அந்த அளவு போதும். சோதனை தோற்ற பின் போதாது. இதற்கு என்ன பெயர் வைப்பது, வைகைக்கரை அண்ணே?

மாத்திரைப்பெட்டி:
எலிப்பொறிக்கு நன்றி. நான் சொல்ல வந்ததே இதுதான்.

வைகைக்கரை:
எலிப்பொறி, மஞ்சள் பற்றிய இழையிலும் இப்படித்தான் நடுவில் நுழைந்தீர்கள், கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. 2011 ஆய்வில் எலிக்கு முதலிலேயே மருந்து கொடுத்துவிட்டு அப்புறம்தான் நச்சு கொடுத்தார்கள். மனிதருக்கு நோய் வந்த பிறகு கொடுத்தோம். கை நடுங்கி ஒருவர் மருத்துவரிடம் போவதற்குள் நியூரான்களில் பெரும்பங்கு போயிருக்கும். இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2013-ல் வந்த கட்டுரையில், நோய் கண்டறிந்து நான்கு ஆண்டுகளுக்குள், அந்த நியூரான்களின் நார்கள் போய்ச்சேரும் மேல் பியூட்டமன் என்ற மூளைப் பகுதியில் டோபமைன் நார்கள் அநேகமாக இல்லாமலே போய்விடுவதாகக் காட்டினார்கள். வீடு எரிந்து முடிந்த பிறகு தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீர் தீயை அணைக்காது என்கிறீர்கள்.

எலிப்பொறி:
முதலில் டோஸ் என்றீர்கள். இப்போது தாமதம் என்கிறீர்கள். நாளைக்கு என்ன?

வைகைக்கரை:
டோஸும் தாமதமும் இரண்டுமே. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கக்கூடாதா?

காரைக்குடி மீனா:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். என் அப்பா பத்து வருடமாகப் பிரஷருக்கு ஆம்லோடிபின் எடுக்கிறார். அதுவும் கால்சியம் சேனலை அடைக்கும் மாத்திரைதானே? அப்படியானால் பார்க்கின்சன் வராதா? எங்கள் பெரியப்பாவுக்கு வந்து படாத பாடு பட்டார், அதனால்தான் கேட்கிறேன். அம்மா எலும்புக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார், அதை நிறுத்த வேண்டுமா?

வைகைக்கரை:
மீனா அக்கா, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாம் பேசுவது செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலைப் பற்றி. இரத்தத்தில் கால்சியத்தை உடம்பே கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். அம்மாவின் மாத்திரையில் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். ஆம்லோடிபின் பற்றிக் கேட்டீர்கள். 2010-ல் டென்மார்க்கில் 1,931 பார்க்கின்சன் நோயாளிகளின் மருந்துப் பதிவுகளை நோய் இல்லாதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இஸ்ராடிபின் வகை மாத்திரைகள் எடுத்தவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு. ஆம்லோடிபினுக்கு மட்டும் அந்தப் பலன் இல்லை. அது மூளைக்குள் சரியாக நுழைவதில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மூளைக்குள் போகிற மாத்திரையில் பலன், போகாததில் இல்லை. கோட்பாடு சொல்வதும் அதைத்தான். இதற்கு மாத்திரைப்பெட்டி என்ன சொல்வார்?

மாத்திரைப்பெட்டி:
என்ன சொல்வேன் என்றால், பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்த 27 சதவீதம், ஆட்களைப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்த்தபோது 0.27 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. யார் எந்த மாத்திரை எடுக்கிறார், ஏன் எடுக்கிறார், வேறு என்ன நோய் இருக்கிறது என்று ஆயிரம் இருக்கிறது. மீனா அம்மா, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆம்லோடிபினை அப்படியே தொடருங்கள், பிரஷருக்காக. பார்க்கின்சனுக்காக அல்ல. இங்கே சிலர் எழுதுவதைப் படித்து யாரும் இஸ்ராடிபின் கேட்டுக் கடைக்கு வந்துவிடக் கூடாது, என் கவலை அது ஒன்றுதான்.

வைகைக்கரை:
"சிலர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம். யாரையும் மாத்திரை வாங்கச் சொன்னேனா? எங்கே சொன்னேன், காட்டுங்கள். ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து இதே நியூரான்களைப் பார்க்கிறவன் நான். கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று எனக்குப் பொறுப்பு சொல்லித்தர வேண்டாம்.

மாத்திரைப்பெட்டி:
கவுண்ட்டரை இளக்காரமாகப் பேசாதீர்கள். நோயாளி முகத்தைப் பார்ப்பது நாங்கள்தான். நீங்கள் பார்ப்பது எலி மூளைத் துண்டு.

புதுவாசகன்:
என் கேள்விக்கு யாராவது...

எலிப்பொறி:
நைக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியில் டோபமைன் நியூரான்கள் அதிகம் தப்பிக்கின்றன. அவற்றில் பலவற்றில் கால்பிண்டின் இருப்பதால்தான் என்று 1990-லிருந்து ஓதுகிறார்கள். 1997-ல் கால்பிண்டின் இல்லாத எலிகளை உருவாக்கி டோபமைன் நியூரான்களைக் கொல்லும் எம்பிடிபி நச்சு கொடுத்தார்கள். அவற்றின் நியூரான்கள் கூடுதலாகச் சாகவில்லை. கால்சியத்தின் பெயரில் கட்டிய கதைகளில் எத்தனை இப்படி உதிர்ந்தன என்று கணக்கு எடுக்கலாம்.

வைகைக்கரை:
கால்பிண்டின் வேறு, கேவி 1.3 வேறு. ஒன்று விழுந்தால் இன்னொன்று ஏன் விழ வேண்டும்? சரி, 10 மில்லிகிராமுக்கே வருகிறேன். அந்த 336 பேரில் இஸ்ராடிபின் எடுத்தவர்களின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்தது என்று பிறகு அளந்து பார்த்து 2021-ல் எழுதினார்கள். ஒரே மாத்திரையை விழுங்கினாலும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மருந்து அதிகம் இருந்தவர்களுக்கு நோய் அறிகுறிக்கான மருந்து தொடங்கும் நாள் தள்ளிப்போனது. இதை ஏன் யாரும் இங்கே போடவில்லை?

மாத்திரைப்பெட்டி:
போடாததற்குக் காரணம் அதே கட்டுரையில் இருக்கிறது. நோய் மதிப்பெண்ணில் அங்கேயும் மாற்றம் இல்லை. முடிவு தெரிந்த பின் தரவைப் பிரித்துப் பிரித்துத் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும். 0.27.

வைகைக்கரை:
10 மில்லிகிராம்.

மாத்திரைப்பெட்டி:
0.27.

வைகைக்கரை:
கேவி 1.3-ஐ மட்டும் அடைக்கும் ஒரு மூலக்கூறு மனிதரில் சோதிக்கப்பட்டுத் தோற்கட்டும், அன்றைக்கு இதே இழையில் வந்து பேசுங்கள். அதுவரை நீங்கள் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வியோடு நான் வருவேன். அப்புறம் எலிப்பொறி, மஞ்சள் இழையில் கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி.