நிலநடுக்கோட்டில் எதற்குக் கம்பளிச் சட்டை?

குறிஞ்சிமகன்:
கென்யாவின் நியாஹுருரு ஊரையொட்டிய ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நாற்பது ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிவரும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் ஆண்டுக் கணக்கைச் சென்ற வாரம் இங்கே பகிர்ந்திருந்தேன். அதைப் படித்த வைகைக்கரை அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொரு விவாத இழைக்குப் போய், "நிலநடுக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊரில் கம்பளிச் சட்டை வாங்கியதாகக் கணக்கு எழுதுகிறார்கள், அதை நம்பிப் பணம் அனுப்பவும் ஆள் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். நிலநடுக்கோடு என்றதும் கொளுத்தும் வெயில் மட்டுமே நினைவுக்கு வருவது, பள்ளி நிலப்படத்தோடு புவியியலை முடித்துக்கொண்டவர்களுக்கு இயல்புதான். நியாஹுருரு கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம் உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர். உதகைக்குப் போகும்போது வைகைக்கரை அவர்கள் மல் துண்டு ஒன்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு போவாரா என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.

வைகைக்கரை:
நான் உதகைக்குப் போவதும் போகாததும் யாருடைய நன்கொடையிலும் நடப்பதில்லை. என் கேள்வி எளிமையானது. கணக்கில் புத்தகத்துக்குச் செலவிட்டதைவிடச் சீருடைக்கும் கம்பளிச் சட்டைக்கும் செலவிட்டது அதிகம். படிப்புக்கு என்று கேட்டு வாங்கிய பணம் ஏன் துணிக்கடைக்குப் போகிறது? மேலும், கென்யாவில் பள்ளி ஆண்டு தொடங்கும் ஜனவரி அங்கே வறண்ட, வெயில் மிகுந்த மாதம். அந்த மாதத்தில் முதல் வேலையாகக் கம்பளிச் சட்டை வாங்கினார்கள் என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பிரண்டை:
புத்தகம் வாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று வைகைக்கரை அவர்கள் நினைப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் அவருடன் பணியாற்றியவர்களும் மேற்குக் கென்யப் பள்ளிகளில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது என்பதும், வீட்டு மொழிக்கும் சுவாஹிலிக்கும் அடுத்தபடியாக ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மூன்றாவது மொழி என்பதும் ஒரு காரணம். அதே வட்டாரத்தில் குலுக்கல் முறையில் சீருடை கொடுத்தபோதோ, பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

குறிஞ்சிமகன்:
நன்றி பிரண்டை. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. 2003 ஜனவரியில் கென்ய அதிபர் கிபாகியின் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. ஆனால் சீருடையை நீக்கவில்லை. மறு ஆண்டு எல்டோரெட் பகுதியில் 84 வயதில் முதல் வகுப்பில் சேர்ந்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்த கிமானி மாருகே, அந்த வயதிலும் பள்ளிச் சீருடை அணிந்துதான் வகுப்பில் உட்கார்ந்தார். 84 வயதுப் பெரியவருக்கே அதுதான் நடைமுறை என்றால், கிழிந்த சட்டையோடு வரும் எட்டு வயதுக் குழந்தை வாசலில் எப்படிக் கூனிக் குறுகி நிற்கும் என்பதைக் கற்பனை செய்ய நியாஹுருருவுக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. நான் போயிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

வைகைக்கரை:
மாருகே அணிந்திருந்தது அரைக்கால் சட்டை. படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. முழங்கால் தெரிய வகுப்பில் உட்காரும் ஊரில் மார்புக்கு மட்டும் குளிருமா?

தணிக்கை:
குளிர் இருக்கட்டும். கணக்கில் 'கம்பளி' என்று எழுதியிருக்கிறீர்கள். கென்யப் பள்ளிகளுக்குப் பின்னப்படும் சட்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை. இரண்டுக்கும் விலை ஒன்றா? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பள்ளியின் கிணற்றுக்குப் பொருத்திய பம்பின் ரசீதைக் கேட்டபோது, குறிஞ்சிமகன் அவர்கள் என்னைப் "பத்து ரூபாய்த் தணிக்கையாளர்" என்று எழுதியதை நான் மறக்கவில்லை. அந்த ரசீதும் இன்றுவரை வரவில்லை.

குறிஞ்சிமகன்:
தணிக்கை அவர்கள் வந்துவிட்டார், ஆகவே இந்த விவாதம் இனிமேல் பம்பைப் பற்றியதாகிவிடும் என்று பயப்படுகிறேன். ஐயா, தமிழில் அந்த உடைக்குக் கம்பளிச் சட்டை என்றுதான் பெயர். அதை ஆட்டு மயிரால் பின்னினாலும் அக்ரிலிக்கால் பின்னினாலும் என் பாட்டி அப்படித்தான் சொல்வார். வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு எவர்சில்வரில் கொடுத்தது போலப் பேசுகிறீர்கள். ஜனவரி பற்றிக் கேட்ட வைகைக்கரை அவர்களுக்கும் ஒரு பதில்: பகல் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த மேட்டு நிலத்தில் மேகமற்ற ஜனவரி இரவுகளில்தான் உறைபனி விழுந்து பயிர் கருகும். காலை இருட்டில் எழுந்து பல மைல் நடந்து வரும் குழந்தைக்கு மதிய வெயிலால் என்ன பயன்?

தணிக்கை:
பாட்டி சொன்னால் கணக்கேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று எந்தக் கணக்கியலும் சொல்லவில்லை.

செங்காந்தள்:
நான் பதினோரு ஆண்டுகளாக நைரோபியில் வசிக்கிறேன். நீங்கள் இருவரும் சண்டையிடும் சட்டை குளிருக்கானது மட்டும் அல்ல. விக்டோரியா ஏரிக்கரையில் வெப்பமாக இருக்கும் கிசுமு நகரிலும் பிள்ளைகள் அதை அணிந்து வருகிறார்கள், ஏனென்றால் அது பள்ளியின் நிறத்தைக் காட்டும் உடை. பண்டிகைச் செலவும் பள்ளிச் செலவும் சேர்ந்து கையைக் கடிக்கும் ஜனவரி மாதத்துக்கு, பசியைக் குறிக்கும் 'ன்ஜா' என்ற சுவாஹிலிச் சொல்லைச் சேர்த்து 'ன்ஜானுவரி' என்று இங்கே வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஏழைக் குடும்பங்களை முறிப்பது தொடக்கப் பள்ளிக்கு அடுத்த கட்டம். 2008இல் மேல்நிலைப் பள்ளிக் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டாலும், விடுதிக் கட்டணம் பெற்றோர் தலையில்தான். அதற்கு மேல் தகரப் பெட்டி, மெத்தை, போர்வை என்று பட்டியல் ஒன்று வரும். உங்கள் அறக்கட்டளை அந்த நாற்பது பேரில் எத்தனை பேரை அதுவரை கொண்டுபோகப் போகிறது என்று யாராவது சொல்வீர்களா?

வைகைக்கரை:
பார்த்தீர்களா, கிசுமுவில் வெப்பம் என்று நைரோபிவாசியே சொல்கிறார். வெப்பமான ஊரிலும் அணிகிறார்கள் என்றால் குளிர் என்பது சாக்கு என்றுதானே பொருள்?

குறிஞ்சிமகன்:
செங்காந்தள் சொன்னது நேர் எதிரானது. வெப்பமான ஊரிலேயே அணிய வேண்டியிருக்கிறது என்றால், குளிரும் ஊரில் அதன் தேவை இரட்டிப்பு. இதைப் புரிந்துகொள்ள நோபல் பரிசு வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் இந்தத் தளத்தில் எழுதுகிறேன். ஒருவருடைய வாக்கியத்தை இப்படித் தலைகீழாகப் பிடித்துப் படித்த வேறொருவரைப் பார்த்ததில்லை. விடுதிக் கட்டணம் முக்கியமான கேள்விதான். தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாகப் பதிலளிப்பேன். இங்கே பேசப்படுவது கம்பளிச் சட்டை.

பிரண்டை:
நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தச் சீருடை ஆய்வைச் செய்தவர்களே, திட்டம் தொடங்கிய எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, சீருடை பெற்றவர்கள் கூடுதலாக எந்த வகுப்பையும் எட்டியிருக்கவில்லை என்று கண்டார்கள். வருகை கூடியது, படிப்பு நீளவில்லை.

குறிஞ்சிமகன்:
பிரண்டை அவர்களே, நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நன்றி சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஆய்வு நடந்தது உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா வட்டாரத்தில், ஏரிக்குப் பக்கத்தில், நியாஹுருருவைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வான இடத்தில். அங்கே கிடைத்த முடிவைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறாதீர்கள்.

பிரண்டை:
சீருடை கொடுத்தால் வருகை கூடும் என்ற முடிவும் அதே புசியாவில் கிடைத்ததுதான். அதை மட்டும் மலைமேல் தூக்கிக்கொண்டு ஏறியது நீங்கள்.

வைகைக்கரை:
அப்படியே சட்டை வேண்டும் என்றாலும், இங்கே பெட்டி பெட்டியாகப் பழைய கம்பளி உடைகள் கிடக்கின்றன. அனுப்பினால் செலவு மிச்சம்.

செங்காந்தள்:
தயவுசெய்து வேண்டாம். 'மிதும்பா' என்று அழைக்கப்படும் பழைய துணி மூட்டைகள் வந்து குவிந்ததால் தங்கள் ஆடைத் தொழில் நலிந்தது என்றுதான் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் அந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. அமெரிக்கா வணிகச் சலுகையைக் காட்டி அழுத்தம் கொடுத்ததும் கென்யா பின்வாங்கியது. உறுதியாக நின்ற ருவாண்டா 2018இல் தன் ஆடைகளுக்கான சலுகையை இழந்தது. மேலும் பள்ளி கேட்பது குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட கோடு போட்ட சட்டை. உங்கள் பெட்டியில் இருப்பது எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. ஊரிலேயே பின்னல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால் பணம் அங்கேயே சுற்றும்.

குறிஞ்சிமகன்:
அப்படித்தான் பின்னப்பட்டது. இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருப்பேன், யாராவது மரியாதையாகக் கேட்டிருந்தால்.

தணிக்கை:
பின்னியவரின் ரசீது?

குறிஞ்சிமகன்:
ஊரின் சந்தைக் கடையில் உட்கார்ந்து பின்னும் ஒரு பெண்மணியிடம் கணினி ரசீது கேட்கச் சொல்கிறீர்களா? அவர் நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அறக்கட்டளையிடம் இருக்கிறது. இப்போது மூலக் கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அதற்கு வைகைக்கரை அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 2,300 மீட்டர் உயரத்தில் குளிருமா, குளிராதா? நாளைக் காலை 6 மணிக்கு நியாஹுருருவின் வெப்பநிலையை இங்கே பதிவிடுகிறேன். அதற்குப் பிறகு என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

வைகைக்கரை:
மதியம் 2 மணியின் வெப்பநிலையையும் மறக்காமல் சேர்த்துப் பதிவிடுங்கள்.

தணிக்கை:
பம்பின் ரசீதையும்.