கும்பகோணம் வீட்டார் குழு: 24 அக்டோபர் 2024

ரேவதி அத்தை: அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் இங்கே பென்சில்வேனியாவில் முதல்முறையாக வாக்களிக்கப் போகிறேன். தொலைக்காட்சியைத் திறந்தால் செனட் வேட்பாளர்கள் கேசியும் மெக்கார்மிக்கும் ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். தபாலில் இன்று மட்டும் ஏழு அட்டைகள், எல்லாவற்றிலும் என் பெயர். என் முகவரியை இவர்களுக்கு யார் கொடுத்தது?

மீனா: முரளியாக இருக்கும்.

முரளி: நான் இல்லை.

சுந்தரம் சித்தப்பா: அக்கா, பென்சில்வேனியாவில் வாக்காளர் பட்டியலைச் சில டாலருக்கு வாங்கலாம். பெயர், முகவரி, பதிவு செய்த கட்சி, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது மட்டும் இருக்காது.

ராஜா மாமா (தஞ்சாவூர்): வெறும் அட்டைதானா? கவரில் ஒன்றும் இல்லையா?

மீனா: மாமா, வேண்டாம்.

மீனா: நான் இருப்பது நியூ ஜெர்சியின் செர்ரி ஹில். கேசிக்கோ மெக்கார்மிக்குக்கோ வாக்களிக்க எனக்கு உரிமையே இல்லை. இருந்தும் அதே விளம்பரங்களை இரவு முழுவதும் பார்க்கிறேன்.

சுந்தரம் சித்தப்பா: பிலடெல்பியா நிலையங்களின் ஒளிபரப்பு ஆற்றைத் தாண்டி உன் வீட்டுக்கும் வருவதால்தான். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 19 தேர்வாளர் வாக்குகளுக்காகப் பென்சில்வேனியாவில் கொட்டும் பணம் உங்கள் பக்கமும் சிந்துகிறது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி: போட்டி இல்லாத மாநிலத்தில் வீடு வீடாகப் பிரசாரம் நடப்பதில்லை, ஆகவே அங்கே மனம் மாறினால் அதற்கு விளம்பரமே காரணம் என்று கொள்ளலாம். 2000ஆம் ஆண்டுத் தேர்தலை இப்படி ஆராய்ந்தபோது, விளம்பரம் யாரையும் புதிதாக வாக்குச்சாவடிக்கு இழுத்து வரவில்லை, ஆனால் யாருக்கு வாக்கு என்ற எண்ணத்தை அசைத்தது என்று கண்டார்கள்.

முரளி: நீளம், மாமா.

ரேவதி அத்தை: 2009இல் நிலத்தை விற்றபோதும் இப்படித்தான் விளக்கினான். கேட்டு முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சுந்தரம் சித்தப்பா: அது வேறு விஷயம், அக்கா. டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி 2006இல் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் விளம்பரங்களை எந்த நகரத்தில் எப்போது காட்டுவது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்ய ஆய்வாளர்களை அனுமதித்தார். ஆதரவு உயரத்தான் செய்தது. ஒரு வாரத்துக்குள் அது ஏறக்குறைய கரைந்தும் போனது. கடைசி வாரம்வரை உங்களைத் துரத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராஜா மாமா: பணம் இருந்தால் வெற்றி என்று சொல்லுங்கள், மாப்பிள்ளை.

சுந்தரம் சித்தப்பா: இல்லை. 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் ஜனநாயகக் கட்சி வேட்பாளராவதற்கு விளம்பரத்துக்கு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, அமெரிக்க சமோவாவில் மட்டும் வென்றார்.

ராஜா மாமா: அது எங்கே இருக்கிறது?

மீனா: பசிபிக்கில். 31ஆம் தேதி தீபாவளிக்கு எல்லோரும் இங்கே வருகிறீர்களா?

ரேவதி அத்தை: வருகிறேன். அதிரசம் என் பொறுப்பு. அப்படியானால் இந்தக் கூச்சலெல்லாம் வீண்தானா, சுந்தரம்?

சுந்தரம் சித்தப்பா: டிரம்பையும் ஹாரிஸையும் பற்றிப் பெரும்பாலோர் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்; அங்கே பலன் மிகச் சிறியது. அவ்வளவாக அறியப்படாதவருக்குத்தான் விளம்பரம் அதிகம் உதவுகிறது. கேசி 2007 முதல் செனட்டர். மெக்கார்மிக் 2022இல் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றவர். சிறிய பலனும் சில வேளை போதும். 2016 அதிபர் தேர்தலில் பென்சில்வேனியாவில் வித்தியாசம் ஏறக்குறைய 44,000 வாக்குகள்தான்.

மீனா: அத்தை, தபால் வாக்குச்சீட்டு வாங்கிவிட்டீர்களா? தீபாவளிக்குக் கொண்டுவாருங்கள், நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

சுந்தரம் சித்தப்பா: கூடாது! உடல் இயலாதவர் முறைப்படி எழுதிக் கொடுத்தாலொழிய, அவரவர் சீட்டை அவரவரே சேர்க்க வேண்டும். தேர்தல் நாளான நவம்பர் 5ஆம் தேதி இரவு 8 மணிக்குள் அது அலுவலகத்தை அடைந்திருக்கவும் வேண்டும். விண்ணப்பிக்க 29ஆம் தேதி மாலை 5 மணியே கடைசி.

ரேவதி அத்தை: நான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. ஏழு அட்டையில் எதிலும் இந்தத் தேதியைக் காணவில்லை. முரளி, 5ஆம் தேதி என்னைச் சாவடிக்கு அழைத்துப் போவாயா?

முரளி: அன்று எனக்கு அலுவலகம் இருக்கிறது, அம்மா. பார்க்கலாம்.

ராஜா மாமா: அதிரசத்துக்கு வெல்லம் அங்கே கிடைக்கிறதா?

ரேவதி அத்தை: முரளி, பார்க்கலாம் என்றால்?