பாடாமல் நின்ற ஜர்னி இயந்திரம்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

நாணயப்பை (சிகாகோ)

பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களோடு தொடர்புடைய அரிய ராக் பதிவுகளைப் பற்றிப் பேச இந்த இழை. நான் ஜர்னி என்ற ராக் இசைக்குழுவை வைத்துச் செய்த இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். அதை ஆடியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். பாலி மிட்வே 1983இல் வெளியிட்ட அந்த விளையாட்டில் ஐந்து இசைக்கலைஞர்களின் கறுப்பு வெள்ளைப் புகைப்பட முகங்கள் கார்ட்டூன் உடல்களின்மேல் ஒட்டியிருக்கும். ஐவருக்கும் அவரவர் வாத்தியத்தை மீட்டுக் கொடுத்தால்தான் கச்சேரிக் கட்டம் வரும். அதுவரை காதில் விழுவதெல்லாம் சில்லு எழுப்பும் கீச்சொலிதான். கச்சேரியில் மட்டும், பெட்டிக்குள் இருக்கும் கேசட் ஓடத் தொடங்கி, 'செப்பரேட் வேய்ஸ்' பாட்டு குழுவின் பாடகர் ஸ்டீவ் பெர்ரியின் சொந்தக் குரலிலேயே ஒலிக்கும்.

நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டால் நாள் முழுவதும் ஆடலாம் என்னும் வகைக் கூடம் ஒன்றில், பெயர் வேண்டாம், மூன்று ஆண்டுகளுக்கு முன் அதைக் கண்டேன். ஏறத்தாழ இரண்டு மணிநேரம் போராடிக் கச்சேரியை எட்டினேன். கீபோர்டின் தொடக்க வரி சரியாகவே வந்தது. பெர்ரி பாடத் தொடங்கியதும் குரல் இழுபட்டு, தாழ்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் ஆகி, அடியோடு நின்றுவிட்டது. திரையில் ஐவரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள், ரசிகர்கள் மேடையை நோக்கிப் பாய்ந்துகொண்டே இருந்தார்கள். காவலாளி ஹெர்பியை நகர்த்தி அவர்களைத் தடுக்க வேண்டிய நானோ கைப்பிடியை விட்டுவிட்டுப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மோட்டார் சுற்றும் ஓசை மட்டும் வந்தது. அதற்குள் ஒரு ரசிகன் மேடை ஏறிவிட, வாத்தியங்கள் எல்லாம் பறிபோயின.

ரப்பர்பெல்ட் (டொராண்டோ)

நானும் இதே கட்டத்தில் ஏமாந்தவன்தான், ஆனால் வீட்டில். பழைய இயந்திர விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கும் மேம் மென்பொருளில் ஜர்னியை ஏற்றி, கச்சேரி வந்ததும் பாட்டே இல்லாமல் விழித்தேன். பாட்டு, விளையாட்டின் நிரல் பதிந்த ரோம் சில்லுகளில் இல்லை, கேசட்டில்தான் இருந்தது என்பதும், அதற்கான ஒலிக்கோப்பைத் தனியே சேர்க்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் இயந்திரத்துக்கு வருகிறேன். மோட்டார் சுற்றியும் நாடா நின்றது என்றால் குற்றவாளி, மோட்டாரின் சுழற்சியை நாடாவுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட்தான். பல ஆண்டுகள் ஆனால் ரப்பர் ஒன்று தளர்ந்து வழுக்கும், அல்லது உருகித் தார்போல் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முழுவதும் துடைத்த பின்னரே புதிய பெல்ட்டைப் போட வேண்டும். துடைக்காமல் போட்டால் அதுவும் சில நாள்களில் வழுக்கும். அளவு தெரியாவிட்டால் கப்பிகளைச் சுற்றி நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றுச் சிறியதாக வாங்குங்கள். நாடாவை அழுத்தும் ரப்பர் உருளை கண்ணாடிபோல் பளபளத்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய கேசட்டில் நாடாவை ஒலியைப் படிக்கும் தலைமீது அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்ற துணிச்சலில் படக்குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். இணைப்பு இல்லாதபோதும் அதில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

நெப்டியூன்வாசி (லண்டன்)

அண்ணா, அவர் பழுது பார்க்கும் முறையையா கேட்டார்? அது கிடக்கட்டும். அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 8ஆம் இடம் வரை ஏறிய பாட்டை அரிய பதிவுகளைப் பற்றிப் பேசும் இடத்தில் சேர்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

என்னுடையது கைரஸ் என்ற விண்வெளி விளையாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், 1984 கோடையில், சித்தப்பா எங்களைச் சவுத்எண்ட் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே கொனாமியின் அந்த இயந்திரம், 'நெப்டியூனுக்கு இன்னும் இரண்டு தாவல்கள்' என்று திரையில் காட்டிவிட்டு, ஒரு ஆர்கன் இசையை ராக் தாளத்தில் முழங்கியது. ஐந்து ஒலிச்சில்லுகளைக் கொண்டு, ஸ்டீரியோவில் இசைத்த பெட்டி அது. மற்றப் பெட்டிகள் அதன் அருகில் ஊமைகளாகத் தோன்றின.

பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு தொண்டு நிறுவனக் கடையில் ஸ்கை என்ற ராக் குழுவின் 'ஸ்கை 2' என்ற இரட்டை இசைத்தட்டை, அட்டை பிடித்திருந்தது என்பதற்காக மட்டும் வாங்கினேன். 'டொக்காட்டா' தொடங்கியபோது நான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தேன். அதே முழக்கம் வந்ததும், கைரஸின் கப்பல் திரையின் விளிம்பில் வட்டமடிக்குமே, அதுபோல என் கை தானாகச் சுழன்று தேநீர் முழுவதும் தரைவிரிப்பில் கொட்டியது. அக்கா உள்ளே வந்து, "இது பாக் எழுதின தேவாலய இசை அல்லவா, நீ ஏன் இப்படி நிற்கிறாய்?" என்று கேட்டார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதியதுதான். ஆனால் 1980இல் ஸ்கை அதை வாசித்த வேகமும் வெட்டும் 1983இன் கைரஸில் அப்படியே இருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியாது.

ஊசிமுனை (கொலம்பஸ், ஒஹாயோ)

லண்டன் நண்பருக்கு: தரவரிசையைக் காட்டி ஜர்னியைத் தள்ளுவது நியாயமாகப் படவில்லை. உங்கள் 'டொக்காட்டா' பிரிட்டனில் 5ஆம் இடம் பிடித்த பாட்டு. புகழ்பெற்ற பாட்டை மட்டும் எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே தட்டின் மற்றப் பாட்டுகளைக் கைவிட்டுவிடுகிறார்களே, எனக்கு அரியவை அவைதாம். பக்னர், கார்சியா என்ற பாடகர் இருவரின் 'பேக்மேன் ஃபீவர்' பாட்டு 1982இல் அமெரிக்காவில் 9ஆம் இடத்துக்கு வந்தது. அதே பெயரிலான தட்டில் எட்டுப் பாட்டுகள், எட்டும் ஒவ்வோர் இயந்திரத்தைப் பற்றியவை. 'ஓட் டு எ சென்டிபீட்' தெரிந்தவரை நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

பழைய பொருள் கடையில் ஒரு டாலருக்கு வாங்கிய அந்தத் தட்டு, வீடு மாறும்போது உடைந்தது. குறுந்தகடாக மறுபடி வாங்கினேன். தவளை விளையாட்டைப் பற்றிய 'ஃப்ராகிஸ் லமென்ட்' தொடங்கிய சில நொடிகளிலேயே உறவினர் ஒருவரின் குரலில் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான், அவர்களே 1999இல் மறுபடி பாடிப் பதிந்தது என்று புரிந்தது. பாட்டில் பிழை ஏதும் இல்லை. என்றாலும் என் தவளை அது அன்று.

மின்னிசை (சிங்கப்பூர்)

சுருக்கமாக. ஜப்பானிய மின்னிசைக் குழுவான யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் தட்டு 1978இல் வந்தது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இயந்திரமும் அதே ஆண்டில் வந்ததுதான். அந்தத் தட்டிலேயே இன்வேடர்ஸ் ஓசையை வைத்துப் பாட்டு அமைத்துவிட்டார்கள். இதை ராக் என்று ஏற்காதவர்கள் இங்கே இருப்பார்கள். ஹெட்ஃபோனில் முதன்முறை கேட்டபோது, பேருந்தில் யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

நாணயப்பை (சிகாகோ)

டொராண்டோ நண்பருக்கு நன்றி, ஆனால் அந்த இயந்திரம் என்னுடையது அன்று. அன்றே கூடத்தின் முகப்பில் இருந்த இளைஞரிடம் போய், பாட்டு பாதியில் நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் வியப்புடன், "அதில் பாட்டு வருமா?" என்று கேட்டார். அப்போது அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்ததாம்.

ரப்பர்பெல்ட் (டொராண்டோ)

அப்படியானால் நாடா இன்னும் அதிகம் தேயாமல்தான் இருக்கும். அடுத்த முறை போகும்போது பெட்டியின் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.