சிவாலய ஓட்டப் பாதையில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

புதுக்கடைக்காரன்:

சிவராத்திரிக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவன் கோவில்களுக்கு ஓடியே போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தில் ஓடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோவில், நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம், கையில் விசிறி, இடுப்பில் சின்னப் பை, வாயில் ‘கோவிந்தா கோபாலா’. புருஷாமிருகம் துரத்த பீமன் ‘கோவிந்தா கோபாலா’ என்று ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். ஓடுகிற வேகத்தில் கண்ணில் படாமல் போகும் சரித்திரம் அந்த வழியில் எவ்வளவோ கிடக்கிறது. அதற்காகவே திருவிழா இல்லாத நாட்களில் அதே பாதையைத் துண்டு துண்டாக நடந்து பார்த்து வருகிறேன்.

முதல் கோவிலுக்குப் பக்கத்திலேயே பார்த்திவபுரம் இருக்கிறது. கி.பி. 866இல் ஆய் வம்சத்து மன்னன் கருநந்தடக்கன் அங்கே விஷ்ணு கோவில் எழுப்பி, காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடத்தை முன்மாதிரியாக வைத்து 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் ஏற்படுத்தினான். செப்பேடு இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது நில விவகாரம். கோவில் கட்ட வேண்டிய நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. அரசன் அதைப் பிடுங்கவில்லை, வேறு நிலம் ஈடாகக் கொடுத்து வாங்கினான். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கு நிலம் எடுக்கிற விதத்தை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றால் மனசு என்னவோ செய்கிறது.

அங்கே திண்ணையில் இருந்த ஒரு பாட்டா, “எங்க உள்ள ஆளு மக்களே?” என்று கேட்டார். சொன்னேன். “சிவராத்திரிக்கு ஆயிரக்கணக்குல ஓடுதானுவ. ஒருத்தனும் இங்க திரும்பிப் பாக்க மாட்டான்” என்றார். கோபமில்லை, வருத்தம்தான்.

இரண்டாவது கோவிலான திக்குறிச்சியிலிருந்து திற்பரப்புக்குப் போகும்போது கொஞ்சம் விலகினால் சிதறால் மலை. பாறையில் சமணத் தீர்த்தங்கரர் வரிசை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அங்குள்ள பட்டாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவருடைய குரு பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரர். பிற்காலத்தில் அது பகவதி கோவிலாயிற்று, தீர்த்தங்கரர்கள் அப்படியே இருக்கிறார்கள். நம்முடைய பாதை சைவப் பாதை மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நான் இந்த மலையைக் காட்டுவேன்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

ரப்பர்க்காடு:

அண்ணாச்சி, நான் குலசேகரம் பக்கம். திருநந்திக்கரை எங்களுக்கு நாலாவது கோவில். திற்பரப்பில் கோதையாற்றில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு ரப்பர் தோட்டம் வழியாக நடுராத்திரியில் வந்து சேருவார்கள். கோவிலில் திருநீறு வாங்குவார்கள், அடுத்து பொன்மனைக்கு ஓட்டம். பக்கத்துப் பாறையில் குகைக்கோவில் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்கள் மாமா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், சின்ன வயதில் என்னை அங்கே கூட்டிப்போனார். சுவரில் சுதைப் பூச்சின் மேல் ஓவியம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முகத்தின் ஓரம், ஒரு கோடு, அவ்வளவுதான் மிச்சம். பழைய எழுத்தில் வெட்டியதை மாமாவுக்கும் வாசிக்கத் தெரியாது. “ராஜராஜன் வெட்டினது” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு கல்லூரியில் படிக்கும்போது தேடிப் பார்த்தேன். ராஜராஜ சோழனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. அவன் பிறந்த ஐப்பசி சதயத்தைக் கொண்டாடுவதற்காக முட்டம் என்ற ஊருக்கு மும்முடிச் சோழநல்லூர் என்று புதுப்பெயர் வைத்து நிவந்தமாக, அதாவது கோவிலுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். சதய விழா என்றால் எல்லோரும் தஞ்சாவூரைச் சொல்கிறார்கள். நம்ம ரப்பர்க்காட்டுக்குள்ளேயும் அந்தப் பிறந்தநாள் கல்லில் இருக்கிறது என்று தெரிந்தபோது உடனே மாமாவுக்குத்தான் போன் போட்டேன்.

தக்கலை அக்கா:

நான் ஓடியதில்லை. ஓடி வருகிறவர்களுக்கு வருடா வருடம் மோரும் பானகமும் கொடுக்கிற வீடு எங்களுடையது. எங்கள் பக்கம் வரும்போது வெயில் ஏறியிருக்கும், தார் ரோடு கொதிக்கும். காலில் கொப்புளத்தோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இருந்தாலும் குடித்த டம்ளரைக் கீழே வைக்கும் முன்னே “கோவிந்தா” என்று கிளம்பிவிடுவார்கள்.

ஏழாவது கோவிலான கல்குளம் நீலகண்டசுவாமி கோவில் பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளே இருக்கிறது. 1795இல் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுதான். 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. நல்லபடியாகவே வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதி ஆனார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை உள்ளே இருக்கிறது. லத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். கண்டிப்பாகப் பாருங்கள் தம்பி.

நட்டாலம் தெற்கு:

அக்கா சொன்ன டிலனாய் வழியாகத்தான் எங்கள் ஊர் நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவத்தை அறிந்துகொண்டார். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆன பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஊரே கூடியது.

ஓட்டம் முடிவதும் எங்கள் ஊரில்தான். குளத்துக்கு ஒரு பக்கம் மகாதேவர், இன்னொரு பக்கம் சங்கரநாராயணர். மற்றக் கோவில்களில் திருநீறு கொடுப்பார்கள், இங்கே சந்தனம். ஓடி முடித்தவர்கள் மறுநாள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டு சரித்திரத்தையும் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.

புதுக்கடைக்காரன்:

தம்பி, அக்கா, நட்டாலத்துக்காரர் மூன்று பேருக்கும் நன்றி. வருகிற ஞாயிறு திக்குறிச்சியிலிருந்து சிதறால் வழியாகத் திற்பரப்பு வரை நடக்கிறோம். காலை ஆறு மணிக்கு மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்ட். பத்து மணிக்கு மேல் சிதறால் பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அதனால் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். தண்ணீரும் டார்ச்சும் கொண்டுவாருங்கள். ரப்பர்க்காடு தம்பி, அடுத்த நடை திருநந்திக்கரைக்கு. மாமாவையும் கூட்டிக்கொண்டு வா.