ஃபோக் ஆஃப் வாருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், அவசரம்

பீடோங், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். சிவிலைசேஷன் 7 என்னும் கணினி விளையாட்டு 2025 பிப்ரவரி 11 அன்று வெளியாகிறது. இந்த முறை சோழர் தனி நாகரிகமாகவே ஆட்டத்தில் இருக்கிறார்கள், தஞ்சைப் பெரிய கோயிலும் இருக்கிறது. இராசேந்திரன் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் படை அனுப்பியது 1025இல். ஆயிரம் ஆண்டு கழித்து, அதே கடாரத்து மண்ணில் செம்பனைத் தோட்டத்துப் பையன்கள் சோழனாக ஆடப்போகிறார்கள். தலைகால் புரியவில்லை அவர்களுக்கு. அன்றிரவே தமிழில் நேரலை வர்ணனையாம். அன்று தைப்பூசமாயிற்றே என்றேன். காவடி இறக்கிவிட்டு வந்து உட்காருகிறோம் சார் என்கிறார்கள்.

வர்ணனைக்கென ஆட்டச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுகிறோம். முற்றுகை, குடியேற்றம், திறை எல்லாம் எளிதாக அமைந்துவிட்டன. ஃபோக் ஆஃப் வார் மட்டும் இடிக்கிறது. நம் ஆள் போய்ப் பார்க்காத இடத்தை வரைபடத்தில் மூடி வைக்கிற ஏற்பாடு அது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை முடித்தாக வேண்டும்.

தைப்பிங், மொழிபெயர்ப்பாளர்:

போர்மூட்டம். சுமத்ராவில் காடு எரிந்தால் நம் பத்திரிகைகள் புகைமூட்டம் என்றுதான் போடுகின்றன, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதற்கு மேல் தேடத் தேவையில்லை.

சுங்கை பட்டாணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொறுங்கள் அம்மா. மூடுவதும் மூட்டம், மூட்டுவதும் மூட்டம். அடுப்பு மூட்டுகிறோம், பகை மூட்டுகிறோம். போர்மூட்டம் என்று படித்தால் எவனோ சண்டையைக் கிளப்பிவிடுகிறான் என்றே எனக்குப் படுகிறது.

தமிழனுக்கு இது புதுப் பொருளா? தொல்காப்பியர், பகைவர் ஆநிரையைக் கவரும் வெட்சித் துறைகளில் "புடைகெட ஒற்றின் ஆகிய வேயே" என்கிறார். பகைவர் அறியாமல் போய் ஒற்றி வந்த செய்திதான் வேய். ஒற்றர் பார்த்த நிலம் வேய்நிலம், பாராதது வேயாநிலம். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்க, பத்திரிகைக்காரனிடம் போய்க் கடன் கேட்பானேன்?

பீடோங், வர்ணனை செய்யப்போகும் தம்பி:

வணக்கம் ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க, நான் வேய்னு சொன்னா பாக்குறவங்க இங்கிலீஷ் வே-ன்னு நினைச்சு எந்தப் பக்கம் போறேன்னு கேப்பாங்க லா.

இன்னொண்ணு. எல்லாரும் ஒரே சொல்லைத் தேடுறீங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுனவங்களுக்குத் தெரியும், ரெண்டு நிலை இருக்கு. நம்ம ஆளு கால் வைக்காத இடம் முழுக்கக் கறுப்பு, அங்க காடா கடலான்னே தெரியாது. ஒரு தடவை போய்ட்டுத் திரும்பி வந்துட்டா மங்கலாத் தெரியும். மலை, ஆறு எல்லாம் தெரியும், ஆனா எதிரி படை இப்ப அங்க நிக்குதான்னு தெரியாது. ரெண்டாவதுலதான் எல்லாரும் அடி வாங்குவோம். எனக்கு ரெண்டு சொல் வேணும்.

சிங்கப்பூர், மென்பொருள் பொறியாளர்:

இந்தக் கருத்தின் வேர் போரியல் அறிஞர் கிளாசவிட்ஸ். அவர் இறந்தபின் 1832இல் வெளிவந்த நூலில், போரில் நாம் நம்பிச் செயல்படும் விவரங்களில் முக்கால்வாசி ஐயம் என்னும் பனிக்குள் கிடக்கிறது என்கிறார். ஆகவே பனியை விடக்கூடாது. போர்ப்பனி.

தைப்பிங், மொழிபெயர்ப்பாளர்:

திருப்பிப் போட்டால் பனிப்போர். நேரலையில் தம்பிக்கு ஒரு தடவை நாக்குப் புரண்டால் சோழன் அமெரிக்காவோடும் ரஷ்யாவோடும் மோதிக்கொண்டிருப்பான்.

தம்பி சொன்ன இரண்டு நிலை சரி. அதை நான் கவனத்தில் கொள்ளவே இல்லை.

சுங்கை பட்டாணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேயின் அருமை இன்னும் உங்களுக்குப் பிடிபடவில்லை. வேய்தல் என்றால் கூரை மூடுதல். வேய் என்றால் மூங்கில், பந்தலுக்கும் கூரைக்கும் அதுவே கழி. மூடுவதும் அதுவே, மூடியதை ஒற்றி அறிவதும் அதுவே. மு என்னும் அடியிலிருந்து முகில், முக்காடு, முகடு, மூடி என்று ஒரு பெருங்குடும்பமே கிளைக்கிறது. மூங்கிலும் அதில் சேருமா என்று ஆராய வேண்டும். சேர்ந்தால் வேயும் மூட்டமும் பங்காளிகளாகிவிடும்.

தைப்பிங், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வேய்ந்த நிலம் என்றால் மூடிய நிலமா, பார்த்து முடித்த நிலமா? ஒரே சொல் இரண்டு பக்கமும் இழுத்தால் ஆடுகிறவன் எங்கே போவான்?

செமிலிங், முன்னாள் மண்டோர் (தோட்டக் கங்காணி):

நான் கேம் ஆடுறவன் இல்ல. பேரன் படிச்சுக் காட்டினான், அதனால எழுதுறேன். கித்தா (ரப்பர்) வெட்டுன காலத்துல விடியறதுக்கு முந்தியே பெரட்டுக்கு, அதான் பேர் கூப்பிடுற எடத்துக்கு, வந்து நிப்போம். முதல்ல ஒண்ணுமே தெரியாது, இருட்டு. அப்புறம் லேசா வெளுக்கும். ஜெராய் மலை இருக்கற திக்கு தெரியும், மலை தெரியாது. "மலை மூட்டம் போட்டிருக்கு"ம்போம். மலை எங்கயும் போகல, அங்கதான் இருக்கு. மேல என்ன நடக்குதுன்னுதான் தெரியாது. தம்பி கேக்குற ரெண்டும் இதுதானே?

சிங்கப்பூர், மென்பொருள் பொறியாளர்:

அண்ணே, அதேதான். ஆனால் போரைக் காணோமே?

பீடோங், தம்பி:

போர் எதுக்கு சார்? ஆட்டமே போர்தான். "வடக்க இன்னும் இருட்டு, கெழக்க மூட்டம் போட்டிருச்சு, ஒரு கலம் அனுப்பிப் பாப்போம்." சொல்ல வருது.

சுங்கை பட்டாணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கலம் என்றதும் நினைவு வருகிறது. "அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி" என்கிறது இராசேந்திரன் மெய்க்கீர்த்தி. அந்தக் கலங்களுக்கு ஜெராய்தான் குறி. 1,217 மீட்டர், நடுக்கடலிலிருந்தே தெரியும். அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே 11ஆம் எண் சண்டியை (பழங்கோயில் சிதைவை) 2013இல் இடித்தபோது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? விளையாட்டில் கோயில் கட்டுகிற பிள்ளைகளை மெர்போக் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

பீடோங், ஆசிரியர்:

அழைத்துப் போகிறேன் ஐயா, பூசம் கழியட்டும். இப்போதைக்குப் பட்டியலில் கறுப்புக்கு இருட்டு, மங்கலுக்கு மூட்டம் என்று ஏற்றிவிட்டேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் வேண்டுமென்று சிங்கப்பூர் அன்பர் தனியே எழுதியிருந்தார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

சுங்கை பட்டாணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் எதிர்ப்பு பதிவாகட்டும். இருட்டு என்பது பேச்சு வழக்கு, கலைச்சொல் அன்று. மண்டோர் தம்பியின் மூட்டத்தை மட்டும் அவர் சொன்ன அழகுக்காக ஒப்புகிறேன். பொதுச்சொல்லுக்கான காலியிடத்தில் வேயை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.