உப்பு, ஹீட்டர் ராடு: அயனிச் சேர்மங்களை (எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துச் சேர்ந்த பொருள்களை) நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேதியியல் ஆசிரியர்:
பெரிய கல் உப்பாகப் பொறுக்கி, அதன் பக்கத்துக்கு இணையாக பிளேடை வைத்து லேசாகத் தட்டச் சொல்வேன். தூளாகாமல், வழவழப்பான முகத்தோடு இரண்டாகப் பிளக்கும். தட்டும்போது ஒரு அடுக்கு துளி நகர்ந்தால் போதும், சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரைடுக்கு எதிரே குளோரைடும் வந்து, ஒரே மின்சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடும். அதைக் கையால் உணர்ந்த பிள்ளைகளுக்கு 'நொறுங்கும் தன்மை' என்று மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. அப்புறம், சூடான வாணலியில் கல் உப்பு படபடவென்று வெடிப்பதை உருகுவதாக நினைக்காதீர்கள். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி கல்லை உடைக்கிறது, அவ்வளவுதான். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து:
எங்கள் வீட்டில் உப்பளத் தொழில்தான். 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பு கரையும், கொதிக்க வைத்தாலும் 40 கிராமைத் தாண்டாது, அதனால் சூடாக்கி ஆறவைத்து உப்பை எடுக்கும் வேலை இங்கே எடுபடாது, வெயில் தண்ணீரைக் குடித்தால்தான் உண்டு. தண்ணீர் 25 டிகிரி போமே (உப்பு நீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) தொட்டதும் பாத்தியில் உப்பு இறங்க ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்குவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் குளோரைடு சேர்ந்து உப்பு கசக்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு நீர்த்துப்போவதும் பெரும்பாலும் இந்த மெக்னீசியத்தால்தான்.

எலெக்ட்ரீஷியன்:
சார், அயனிச் சேர்மம் திண்ம நிலையில் மின்சாரம் கடத்தாது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். பழைய ஹீட்டர் ராடை அறுத்தால் நடுவில் சூடேறும் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த வெள்ளைத் தூள். அது மெக்னீசியம் ஆக்சைடு. அதன் அயனிகளின் மின்சுமை உப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதால் பிடிப்பு அதிகம், உருகுநிலை 2,800 டிகிரிக்கு மேல். சூட்டை வெளியே விடும், கரண்டை விடாது. ஆனால் ராடில் விரிசல் விழுந்து ஈரம் உள்ளே போனால் அந்தக் காப்பு போய்விடும், மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்தால் உடனே காட்டிக்கொடுக்கும். தண்ணீரைத் தொட்டால் சுர்ரென்கிறதா, சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராடை மாற்றுங்கள், காயவைத்து ஓட்டாதீர்கள்.