ஆக்சிஜனேற்ற அழுத்தமா, தகைவா, மிகையா?

அனைவருக்கும் வணக்கம்.

செல்லுக்குள் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள்கள் ஓங்கிவிடுவதை ஆங்கிலத்தில் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்கிறார்கள். இதய நோயாளிகளுக்கான துண்டறிக்கையில் அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசிவருகிறோம். மேலூர் ஆசிரியர் ஐயா 'ஆக்சிஜனேற்றத் தகைவு' என்று முன்வைத்திருந்தார். இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸ் என்றால் தகைவுதான். ஆனால் அது ஓரலகுப் பரப்பில் எழும் விசையைக் குறிப்பது. செல்லுக்குள் நடப்பதில் விசையும் இல்லை, பரப்பும் இல்லை.

'அழுத்தம்' இன்னும் சிக்கல். மதுரைப் பக்கம் இதய நோயாளிகள் "எனக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் வந்து உட்காருவார்கள். துண்டறிக்கையில் அழுத்தம் என்று போட்டால் அதைத்தான் நினைப்பார்கள். அதுவும் இரத்த அழுத்தமும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸும் ஒரே இடத்தில் வரும் விஷயம் இது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன், இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு நொதியைத் தூண்டி, ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு என்ற தீவிரமாக வினைபுரியும் பொருளை உண்டாக்குகிறது. குழாயைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அந்த சூப்பராக்சைடு பிடித்து வீணாக்குகிறது. குழாய் இறுகி அழுத்தம் மேலும் ஏறுகிறது. 'இரத்த அழுத்தம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும், ஆக்சிஜனேற்ற அழுத்தம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும்' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் பாவம்.

நான் 'ஆக்சிஜனேற்ற மிகை' என்கிறேன். 1985-இல் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் இந்தக் கருத்தை வரையறுத்தபோதே சமநிலை குலைவதைத்தான் சொன்னார். ஆக்சிஜனேற்றம் செய்பவை ஒரு பக்கம், தடுப்பவை மறுபக்கம். இதில் முதல் பக்கம் ஓங்கிவிடுகிறது. தடுப்பவை குறைந்தாலும் இதே நிலை வருமே, அது எப்படி மிகை ஆகும் என்று நானே யோசித்தேன். வரவு கூடாமல் செலவு குறைந்தாலும் கையில் மிஞ்சத்தானே செய்யும்? சொல் தாங்குகிறது.

அளவோடு இருந்தால் தேவையானது என்ற பொருளும் மிகைக்குள் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல சூப்பராக்சைடைப் பயன்படுத்துகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவில் செல்லுக்குள் சேதி கடத்துகிறது. மறுபுறம், எல்டிஎல் கொழுப்பு குழாய்ச் சுவருக்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், விழுங்கணுக்கள் (கிருமிகளை விழுங்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) அதை அள்ளி விழுங்கி நுரைச் செல்களாகி அங்கேயே படிகின்றன. இதைப் பார்த்துத்தான் வைட்டமின் ஈ மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று நம்பினார்கள். 'ஹோப்' ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். 2000-இல் வந்த முடிவின்படி மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. ஆக்சிஜனேற்றம் என்றாலே கெடுதி என்று மக்கள் மனத்தில் பதிய நாம் வைக்கும் சொல் காரணமாகக் கூடாது.

இந்தச் சொல் ஆய்வகத்தில் நிற்குமா என்று திருமங்கலம் தம்பி கேட்டிருந்தார். நிற்கும் தம்பி. இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு; ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினையான ஒடுக்கம் ஓங்கிவிடுவது அது. ஆல்ஃபா பி கிரிஸ்டலின் என்ற புரதத்தில் திடீர்மாற்றம் உள்ள எலிகளில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஒடுக்கநிலைக் குளுட்டத்தயோன் என்ற பொருள் அளவுமீறிச் சேர்ந்து இதயத் தசை கெடுவதை 2007-இல் காட்டினார்கள். அதை 'ஒடுக்க மிகை' என்று சொல்லிவிடலாம். 'ஒடுக்க அழுத்தம்', 'ஒடுக்கத் தகைவு' இரண்டுமே எனக்கு வாயில் நிற்கவில்லை.

அன்புடன்,
மதுரையிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

அந்த இரத்த அழுத்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். சரி, தகைவை விட்டுவிடுகிறேன். அது கம்பிக்கும் தூணுக்குமே இருக்கட்டும். எனக்கு இருந்த ஒரே தயக்கம், 'மிகை' என்றதும் மிகைப்படுத்திப் பேசுவது நினைவுக்கு வருமோ என்பது. முன்னால் ஆக்சிஜனேற்றம் நிற்பதால் அப்படி யாரும் படிக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. இலங்கை நண்பர்களும் 'ஒட்சியேற்ற மிகை' என்று சிரமமில்லாமல் எழுதலாம். 'மிகைக்கு உள்ளான செல்' என்றும் எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வருகிறது.

அப்புறம், சூப்பராக்சைடு போல இணைசேராத எலக்ட்ரான் உள்ளவற்றைக் குறிக்கும் 'ஃப்ரீ ராடிக்கல்' என்பதைப் பாடநூலில் 'தனி உறுப்பு' என்கிறார்கள். இதய நோய்த் துண்டறிக்கையில் உறுப்பு என்றால் நுரையீரல், கல்லீரல் என்றல்லவா நினைப்பார்கள்? அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

மேலூரிலிருந்து